இரண்டு டவரும் ஒரு குளவியும்

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவன் தரையில் நிற்கிற பொருள் எதையும் புதிதாக வாங்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் இது எழுதப்படாத சட்டம். பிரிட்ஜுக்கு அடியில் செங்கல், பீரோவுக்கு அடியில் செங்கல், வாஷிங் மெஷினுக்கு இரும்பு ஸ்டாண்டு. சட்டம் முழு அமலில் இருந்த 2018 தீபாவளித் தள்ளுபடியில்தான், தரையில் நிறுத்துவதற்கென்றே செய்த டவர் ஸ்பீக்கர்களை ஜோடியாக வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு மேல் உயரம், பதினெட்டு கிலோ எடை. ஜோடி நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஸ்பீக்கர் பைத்தியங்களின் உலகத்தில் இந்த விலைக்கு 'பட்ஜெட்' என்று பெயர். எங்கள் வீட்டில் வேறு பெயர்.

ஆட்டோக்காரரும் நானுமாகப் பிரித்து நிறுத்தியபோது அம்மா வந்து இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஏன்டா, பீரோ ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கே, கதவையே காணோமே?" என்றாள்.

டவர் வாங்கியதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கரை ஒழுங்காகக் கேட்க வேண்டுமானால் அதற்கும் ஒரு ஸ்டாண்டு வாங்கி நிறுத்த வேண்டும். டவர் அடைக்கிற தரையை அதுவும் அடைக்கும். டவரில் அதே இடத்துக்குப் பெட்டி பெரிது, உள்ளே காற்று அதிகம், அதனால் பேஸ் இன்னும் கீழே இறங்கும். இதைத்தான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. எண்பதுகளில் எங்கள் ஊரில் கேசட் பதிவு செய்து தரும் 'மியூசிக்கல்ஸ்' கடை ஒன்று இருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதி வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்போம். உள்ளூர் ஆசாரி செய்த, என் நெஞ்சு உயரத்துக்கு இருந்த இரண்டு பெட்டிகள் கடைக்குள் நின்றன. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற முதலாளியாக ஆக வேண்டும் என்பது என் லட்சியம். கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்துப் போனதில் ஸ்டூல் கிடைக்கவில்லை, பெட்டியாவது கிடைக்கட்டும் என்று வாங்கினேன்.

கணக்குப் பிரிவு என்றேன். வம்பு தொடங்கியது அங்கேதான். எண்ணாக எழுதியிருந்தால் நான் நம்பிவிடுவேன். ஸ்பீக்கர் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பத்தி முழுக்க எண்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை. அத்தனையையும் தப்பாகப் படித்தவன் நான்.

முதலில் வாட்ஸ். தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் வைத்திருந்தவர்களுக்கு பி.எம்.பி.ஓ. நினைவிருக்கும். கைப்பிடி வைத்த டேப்ரெக்கார்டரின் நெற்றியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று வெள்ளி ஸ்டிக்கர் மின்னும். பின்னால் ஆறு பெரிய பேட்டரி. ஆறு பேட்டரியால் ஆயிரம் வாட்ஸ் எப்படி என்று நாம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால், டவரில் 150 வாட்ஸ் என்று பார்த்ததும் அதை டவர் எழுப்பும் சத்தம் என்றே எடுத்துக்கொண்டேன். அது டவர் தாங்கக்கூடிய அளவு மட்டுமே. சத்தத்தைச் சொல்கிற வரி அதற்குக் கீழே இருந்தது: சென்சிடிவிட்டி, 89 டெசிபல், 2.83 வோல்ட், ஒரு மீட்டர். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் இரண்டு வாட் ஆகிவிடும். மூன்று டெசிபல் இனாமாகக் கூடிவரும். என்னுடையது 4 ஓம். ஒரு வாட் கணக்குக்குக் கொண்டுவந்தால் 86. ஊழியர்களின் பயணப்படி பில்லில் மூன்று ரூபாய் அதிகமிருந்தால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியவன் நான். இந்த மூன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்குள் ஆம்ப்ளிபயரை மாற்றியிருந்தேன். ஏற்கெனவே இருந்தது 50 வாட்ஸ். அதைக் கழித்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்பது என் பட்ஜெட் உரை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகப் பட வேண்டுமானால் வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். வால்யூம் குமிழை விரலால் லேசாகத் தள்ளியிருந்தால் கிடைத்திருக்கும் வித்தியாசத்துக்கு ஒரு பெட்டியையே மாற்றினேன். 1954-இல் வார்ஃபடேல் நிறுவனத்தை நடத்திய கில்பர்ட் பிரிக்ஸ், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் ஆள் வாசிப்பதையும் அதே வாசிப்பு ஸ்பீக்கரில் வருவதையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுக் காட்டினார். ஏறத்தாழ மூவாயிரம் பேர் உட்காரும் மண்டபம். அந்தக் காலத்துப் பேர்பெற்ற குவாட் ஆம்ப்ளிபயரின் சக்தி பதினைந்து வாட்ஸ்தான். எங்கள் ஹாலில் உட்காருவது நான்கு பேர், அதில் கேட்பது ஒருவர். மாடி வீட்டுக்காரர் வேண்டுமென்றே இருமுகிற அளவுக்குப் பாட்டு வைத்தாலும் சராசரியாகச் செலவாவது ஒரு வாட் அல்லது அதற்கும் கீழே.

கடைக்கு வருகிறேன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு பெரிய கடை. கேட்டுப் பார்க்கத் தனி அறை. தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் கனத்த திரை, ஏசி. எங்கள் ஹாலைப் போல மூன்று ஹால் அதற்குள் போகும். என் பையில் ராஜா பாட்டு, சஞ்சய் கச்சேரி என்று ஒரு பென் டிரைவ் இருந்தது. அதை எடுக்கவே இல்லை. விற்பனையாளர் தம்பி ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வை வைத்தார். 1994-இல் வந்த 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்' ஆல்பத்தில் இருக்கும் மேடைப் பதிவு. உலகத்தில் எந்த ஊரில் ஸ்பீக்கர் விற்றாலும் அதைத்தான் போடுகிறார்கள் போலிருக்கிறது. கிட்டார் கொஞ்ச நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், பிறகு திம்மென்று ஒரு டிரம் விழும். அது என் வயிற்றில் விழுந்தது. விலை கூடின ஜோடிக்கு மாறும்போதெல்லாம் வால்யூமும் ஒரு புள்ளி ஏறியதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் சத்தம் கொஞ்சம் கூடினால் காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். கவனித்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பாட்டை நான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்கவில்லை. நாற்பதாயிரம் ரூபாயை ஒரே ஒரு டிரம் அடிக்காகக் கொடுத்தேன்.

"நூறு மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம்தான் ஸ்பீக்கர் திறக்கும்" என்றார் தம்பி. பிரேக்-இன் என்று அதற்குப் பெயர். புது ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பும் உள்ளிருக்கும் நெகிழ்வான பாகங்களும் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான்; அதற்கு இவ்வளவு மணி நேரம் வேண்டாம். அந்த நூறு மணி நேரத்தில் இளகுவது பெரும்பாலும் வாங்கியவரின் காது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்கிறவன் நூறை எட்டுவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும் என்பதையும் கணக்குக்காரன் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த எண்: 38 ஹெர்ட்ஸ் முதல் 25 கிலோஹெர்ட்ஸ் வரை. மேல்முனை இருபத்தைந்தாயிரம் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. மனிதக் காதே இருபதாயிரம்தான் என்று பாடப்புத்தகம் சொல்ல, என் ஸ்பீக்கர் அதையும் தாண்டுகிறதே. ஒருநாள் மகள் போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி, ஒவ்வொரு அதிர்வெண்ணாக ஓட்டி, "அப்பா, கேக்குதா?" என்றாள். எட்டாயிரம் கேட்டது. பத்தாயிரம் கேட்டது. பன்னிரண்டாயிரத்தில், "ம், போடு" என்றேன். "போட்டு ரொம்ப நேரம் ஆச்சுப்பா" என்றாள். அவள் பதினாறாயிரத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மேல்முனை இப்படி உதிர்வது சகஜம். எனக்குப் பாதிதான் பயன்படும் என்று தெரிந்திருந்தால் பாதி விலைக்குப் பேரம் பேசியிருக்கலாம்.

வயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதிகம் சொன்னால் வயிறு எரியும். ரிச்சி தெருவில் ஆக்சிஜன் நீக்கிய செம்புக் கம்பி என்று பாம்பு கனத்தில் ஒன்றை மீட்டர் கணக்கில் வாங்கினேன். பிறகு எங்கள் எலக்ட்ரீஷியன் ஃபேன் மாற்ற வந்தபோது பையில் வைத்திருந்த சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர, மொத்தத் தடை 0.07 ஓம். ஸ்பீக்கரின் நான்கு ஓமுக்கு முன்னால் அது இரண்டு சதவீதம்கூட இல்லை. மொத்த வயருக்கு அவர் சொன்ன விலையை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் படிப்பார்கள்.

அந்தப் பாம்பு வயரை மாட்டியதிலும் ஒரு கூத்து. வயரின் இரண்டு இழைகளும் ஒரே நிறம். ஒன்றின் ஓரத்தில் மட்டும் மயிரிழைக் கோடு. கண்ணாடி போடாமல் மாட்டினேன். ஒரு டவரில் சிவப்பு சிவப்பில், இன்னொன்றில் சிவப்பு கறுப்பில். பற்று வரவு மாறிப்போயிற்று. இப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும்; பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துவிடும். எனக்கு இந்தக் கரைந்த குரல் மிகவும் பிடித்துவிட்டது. வந்த விருந்தாளிகளிடம், "எவ்வளவு அகலமா விரியுது பாத்தீங்களா?" என்று கையை விரித்துக் காட்டினேன். ஒரு நண்பர் கையை விரித்துத் தலையையும் ஆட்டினார்; பாவம், காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மகள்தான் கேட்டாள். "அப்பா, பாடுறவர் எங்க நிக்கிறார்?" அன்று ஓடிக்கொண்டிருந்தது டி.எம்.எஸ்., சுசீலா காலத்துப் பாட்டு. தமிழில் பாட்டை ஸ்டீரியோவில் பதிவு செய்த முதல் படங்களில் ஒன்று என்று சொல்லப்படும் 'ப்ரியா' 1978-இல் வந்தது. அதற்கு முந்தையவை அநேகமாக எல்லாமே மோனோ. மோனோ பாட்டை இரண்டு ஸ்பீக்கரில் வைத்தால், சரியாக மாட்டியிருந்தால், ஆள் இரண்டுக்கும் நட்டநடுவில் டி.வி. இருக்கிற இடத்தில் நின்று பாட வேண்டும். டி.எம்.எஸ். எங்கள் வீட்டில் சுவரெல்லாம் பரவியிருந்தார். ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை. வயரை மாற்றி மாட்டியதும் அவர் நடுவுக்கு வந்து நிமிர்ந்து நின்றார்.

கூடவே பேஸும் வந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் வந்தது.

நான் எந்த எண்ணைப் படிக்கவே இல்லையோ அந்த எண் இதுதான்: எங்கள் ஹால் பதினான்குக்குப் பதினொன்று. ஸ்பீக்கர் வாங்கப் போகும் முன் அறையை அளக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கட்டில் வாங்கும்போது அளந்தேன், சோபா வாங்கும்போது அளந்தேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது, அறையின் நீளத்துக்குப் பொருந்துகிற ஒரு சுரம் மட்டும் சேர்ந்து சேர்ந்து வீங்கும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தச் சுரம் எது என்று கிடைக்கும். சென்னை வெக்கையில், முப்பது டிகிரியில், ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பதினான்கு அடிக்கு 41 ஹெர்ட்ஸ். பதினோரு அடிக்கு 52. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருவது 41. அதில் நான்கு கட்டை மேலே போனால் 52. எங்கள் பில்டர் தன்னை அறியாமல் பேஸ் கிட்டாருக்குச் சுருதி சேர்த்து ஹால் கட்டியிருக்கிறார். இளையராஜாவின் பேஸ் வரிகளைக் கேட்பதற்கென்றே டவர் வாங்கியவன் நான். அந்த வரி நடந்து போகும். நடக்க நடக்க, அந்த இரண்டு சுரத்தில் கால் வைத்ததும் ஜன்னல் கம்பி முதல் கடுகு டப்பா வரை எல்லாம் சேர்ந்து பாடும். மற்ற சுரங்கள் சாதாரணமாகக் கேட்கும். பக்கத்து வீட்டு அம்மா, "உங்க வீட்ல மோட்டார் ஓடுதா? எங்க டேங்க் ரொம்பலையே" என்று ஒருநாள் கேட்டார்கள்.

நிறுத்திய இடமும் வாகானது. இடது டவர் கதவுக்குப் பின்னால் மூலையில். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையுமாகச் சேர்ந்து பேஸை இன்னும் ஊதிவிடும். வலது டவருக்குப் பின்னால் சுவரே இல்லை, சமையலறைக்குப் போகிற வழி. இடது முழங்கும், வலது முனகும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்கலாம் என்று இழுத்தால் கதவு திறக்காது. "ஸ்பீக்கர் வேணுமா, வாசல் வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி. நான் யோசித்த நேரம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்த டவர்களுக்குப் பின்பக்கம் இரண்டங்குல அகலத்தில் ஒரு ஓட்டை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது: கூம்பின் பின்னால் வீணாகப் போகிற காற்றசைவை ஒரு குழாய் வழியாக வெளியே விட்டு, கீழ்ச் சுரங்களுக்குத் துணை சேர்ப்பது. பெரிய அறைக்கு அது வரம். பதினோரு அடியில் அந்தத் துணையே தொல்லை. ஓட்டையை அடைத்தால் முழக்கம் அடங்கும். அதற்காகவே தயாரித்தவர்கள் கறுப்பு நுரை உருளை இரண்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பேக்கிங் என்று நினைத்துத் தெர்மோகோலோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அது என்னவென்று கையேட்டில் படம் போட்டு விளக்கியிருந்தது. கையேட்டைப் பிறகு படித்தேன்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு ஒரு அதிசயம் நடந்தது. இடது டவர் அடங்கியிருந்தது. மூலையிலிருந்து வந்த முழக்கம் பாதியாகக் குறைந்து, பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது: நூறு மணி நேரம் முடிந்துவிட்டது! ஸ்பீக்கர் திறந்துவிட்டது! கடைத் தம்பியைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரிதான், இப்பதான் தெரியுது வித்தியாசம்" என்றேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். வலது டவர் மட்டும் ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்டேன். "சிலது லேட்டாகும் சார்" என்றார்.

வீடு கூட்டும் அக்கா அடுத்த வாரம், "என்ன சார், இதுக்குப் பின்னாடி மண்ணு மண்ணா உதிருது" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓட்டைக்குள் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டு, வழவழவென்று பூசி, அறை அறையாகப் பிரித்து, ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. துராஸ் திறந்ததைக் குளவி மூடிவிட்டது. நான் பல மாதமாக டேப் வைத்து அளந்தும், டவரை அரையங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தியும், ஆம்ப்ளிபயரின் அத்தனை குமிழ்களையும் திருகியும் செய்ய முடியாததை அது களிமண்ணால் செய்து முடித்திருந்தது.

ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அம்மா தடுத்தாள். "கலைக்காதடா. குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை பிறக்கும்." ஹாலில் ஒரு கனத்த மௌனம். மகள் அப்போது ப்ளஸ் டூ. எனக்கும் மனைவிக்கும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. "அத்தை, அது ஸ்பீக்கருக்குள்ள கட்டியிருக்கு, ஸ்பீக்கருக்குப் பிறக்கட்டும்" என்று மனைவி உள்ளே போனாள். கூட்டைக் கலைக்காததற்கு அம்மாவின் நம்பிக்கை காரணம் என்றே எல்லோரிடமும் சொன்னேன். பேஸ் காரணம். வலது ஓட்டையில் மகளின் பழைய பள்ளிக்கூட சாக்ஸைச் சுருட்டித் திணித்தேன். இடதுக்குக் குளவி, வலதுக்கு சாக்ஸ். இசை ஒருவழியாகச் சமநிலைக்கு வந்தது.

ஐப்பசியில் அது இன்னும் மேம்பட்டது. எங்கள் ஹாலில் தரை வழவழப்பான விட்ரிஃபைடு டைல், சுவர் வெறும் சுவர். கையைத் தட்டினால் கிணற்றுக்குள் தட்டியது போலத் திரும்பி வரும். திரை வாங்க வேண்டும், கம்பளம் வாங்க வேண்டும் என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மழை பிடித்ததும் மனைவி ஹாலின் குறுக்கே கொடி கட்டிப் போர்வை, துண்டு, என் வேட்டி எல்லாவற்றையும் காயப்போட்டாள். எதிரொலி செத்துவிட்டது. ஈரப் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீணை கேட்டேன். தந்தியை விரல் விட்டு விலகுகிற சத்தம்கூடத் தெரிந்தது. வெயில் வந்து துணியை எடுத்தபோது, "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே" என்றேன். அதற்கு வந்த பதிலை விட்டுவிடுகிறேன்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் டவருக்கு என்னைத் தவிர ரசிகர்கள் இல்லை. அம்மா பாயில் உட்காருவாள். ட்வீட்டர் டவரின் உச்சியில், சோபாவில் உட்காருகிறவன் காது உயரத்தில் இருக்கிறது. பாயில் உட்கார்ந்தால் அது தலைக்கு மேலே போய்விடும், மேல் சுரங்கள் மங்கும். "பாட்டு எங்கேயோ மச்சுல கேக்குது" என்பாள். தினமும் விடிகாலையில் அவளுக்கு எம்.எஸ். சுப்ரபாதம் வேண்டும், 1963-இல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்த அதே பதிவு. அதை என் டவரில் வைக்க ஆம்ப்ளிபயரைப் போட்டு, போனை இணைத்து, சரியான இன்புட்டைத் தேட வேண்டும். அவள் தம்பி வாங்கிக் கொடுத்த காரவான் பாட்டுப் பெட்டியில் குமிழைத் திருகினால் போதும். அந்தக் காரவானை அவள் எங்கே வைத்தாள் என்றால், கைக்கெட்டும் உயரமாக, தட்டையாக, ஆடாமல் இருக்கிறது என்று இடது டவரின் தலையில். டவர் ஸ்டாண்டு வேலையைச் செவ்வனே செய்தது. நவராத்திரியில் கொலுப்படிக்கு இரண்டு பக்கத் தூணாக நின்று சீரியல் விளக்கு சுமந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டது. வலைத்துணியில் அந்தக் குங்குமம் போகவே இல்லை. அடியில் குத்தூசி மாதிரி ஆணிகள் உண்டு, தரையில் ஊன்ற. டைல் கீறும் என்பதால் செல்லாத 25 பைசா காசுகளை அடியில் கொடுத்திருந்தேன். அந்த எட்டுக் காசுகள்தான் மொத்த அமைப்பிலும் விலைக்கேற்ற பலன் தந்தவை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வாசல்படி ஏறியதும் முதலில் அரிசி, பத்திரங்கள், மெத்தை, கேஸ் சிலிண்டர், மகளின் லேப்டாப். ஆளுக்கொரு பொருளாகத் தூக்கிக் கட்டிலிலும் மேடையிலும் ஏற்றினோம். டவரின் முறை வந்தபோது கட்டிலில் இடமில்லை. அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கராக இருந்திருந்தால் அலமாரியிலேயே இருந்திருக்கும். அரையடித் தண்ணீரில் இரண்டும் ஒரு பகல், ஓர் இரவு நின்றன. இடது டவரின் தலையில், நனையாமல், பேட்டரியில், காரவான் எஃப்.எம். செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் தெருவுக்கே அதுதான் வானொலி நிலையம். ஏரியில் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்க மாடி வீட்டுக்காரர் படியில் இறங்கி வந்து நிற்பார். என் டவர் இருந்த ஹாலில் அவர் இருமாமல் நின்ற ஒரே சந்தர்ப்பம்.

பட்ஜெட் டவர் என்றால் உள்ளே எம்.டி.எஃப். பலகை, மரநாரைப் பசையில் அழுத்தியது. நனைந்தால் உப்பும், காய்ந்தாலும் இறங்காது. அடிப்பாகம் ஓரங்குலம் பருத்து, பக்கவாட்டுத் தாள் உரிந்து விட்டது. கூம்புகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை, பாட்டு வந்தது. குளவிக் கூடு மட்டும் ஈரத்தில் ஊறி உதிர்ந்து போயிருந்தது. கூட்டில் அப்போது யாரும் இல்லை.

விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. முடிவு எடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. வெள்ளத்தில் நனைந்தது என்று விளம்பரத்திலேயே எழுதி, ஏழாயிரம் என்று போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடவாக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். புதிதாகக் கல்யாணமானவர், புது ஃபிளாட். உப்பிய அடியைக் குனிந்து பார்த்து, "பரவால்ல சார், சோபா மறைச்சிடும்" என்றார். பிறகு, "எத்தனை வாட்ஸ் சார்?" என்றார்.

"நூத்தம்பது" என்றேன்.

"ஒண்ணொண்ணுமா?"

"ஒண்ணொண்ணும்."

அவர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து பென் டிரைவை எடுக்கப் போனார். "இருங்க, அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க" என்று 'ஹோட்டல் கலிபோர்னியா'வை வைத்தேன். அவர் வருவதற்கு முன்பே சாக்ஸை உருவி வைத்திருந்தேன். டிரம் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வால்யூமை ஒரு புள்ளி ஏற்றினேன். அவர் வயிற்றைத் தொட்டுக்கொண்டார். பேரமே பேசாமல் எண்ணிக் கொடுத்தார். இருவருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். ஆணிக்கு அடியில் கொடுக்க எட்டு 25 பைசாவையும் கையில் வைத்தேன். அவருடைய ஹால் எத்தனைக்கு எத்தனை என்று நானும் கேட்கவில்லை.